பின் சீட்டில் சிந்திய ஆலம்

முக்கொம்புக்குப் போயிருக்க வேண்டிய புதுக் கார், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்ரீரங்கத்து வீட்டின் ஷெட்டை விட்டு நகரவில்லை. வழியில் சாப்பிடக் கட்டிய புளியோதரை சமையலறையில் அப்படியே இருந்தது. வீட்டுக்குள் இருந்தவர்களில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

போன வாரம் விட்ட இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் காரில் ஏறப் போகிற நேரத்தில், பின் சீட்டில் விரித்திருந்த துண்டை ஒரு கை தூக்கியது. தூக்கியவள் மலர்க்கொடி. சுரேஷ்குமாரின் தங்கை சுபஸ்ரீயின் மாமியார். அடியில், வெளிர் நிறச் சீட்டுத் துணியில், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புச் சிவப்பாக ஒரு கறை காய்ந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை அந்தக் காரில் சமயபுரம் போய் வந்தார்கள். அந்தக் கறையின் மேல் உட்கார்ந்து போனவள் சுரேஷ்குமாரின் மனைவி பானுப்ரியா.

மாமியார் ஆனந்தவள்ளி கறையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். வாசல் என்றும் பார்க்கவில்லை, சம்பந்தி நிற்கிறாள் என்றும் பார்க்கவில்லை. கேட்டே விட்டாள்.

"தீட்டோடவாடி ஆத்தா சன்னதிக்கு வந்தே?"

"இல்லீங்க அத்தை."

அவ்வளவுதான் பானுப்ரியா சொன்னது. பிறகு திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், காற்று போதுமா என்று சோதிப்பவனைப் போல.

இந்தச் சக்கரம் பார்க்கிற பிள்ளைதான் நம் கதையின் நாயகன். சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தக் கறை எதனுடையது என்று வாசலில் நின்றவர்களில் அவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். கொட்டியவனே அவன்தான்.

*

வெள்ளிக்கிழமை காலையில் கார் வந்தது. துவாக்குடியில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் சுரேஷ்குமாருக்கு அதுதான் முதல் கார். ஆனந்தவள்ளி தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, செக்கச்செவேலென்று ஆலம் எடுத்து, வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினாள். முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினாள். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது.

"இந்தத் தட்டைப் பிடிடா, முச்சந்தியில ஊத்திட்டு வந்துடு. நான் கதவைப் பூட்டிட்டு வரேன்" என்று தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

வேன்காரன் விடவில்லை. சுரேஷ்குமார் தட்டைப் பின் சீட்டில் வைத்துவிட்டு வண்டியை நகர்த்தப் போனான். கிளட்ச்சை விட்ட விதத்தில் புது வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. திரும்பிப் பார்த்தான். பாதி ஆலம் சீட்டில் இருந்தது.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் திருஷ்டி கழித்த தண்ணீர் வண்டிக்குள்ளேயே கொட்டிவிட்டது என்றால் ஆனந்தவள்ளி அந்த வண்டியில் காலையே வைக்க மாட்டாள். "ஒழுங்கா ஓட்டத் தெரியாதவனுக்குக் கார் எதுக்கு?" என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைப்பாள். அதனால் பையன் கைக்குட்டையால் ஒற்றினான், மிச்சத்தை முச்சந்தியில் ஊற்றினான், மேலே ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டான். "புது சீட்டு, அழுக்காயிடும்" என்று விளக்கமும் சொன்னான். ஆனந்தவள்ளி முன்னால் ஏறினாள். பானுப்ரியா துண்டின் மேல் உட்கார்ந்தாள்.

இத்தனை சின்ன விஷயம். இதைச் சொல்லத்தான் இன்று காலையில் அவனுக்கு வாய் வரவில்லை. மனைவி அவனைப் பார்த்த அந்த நொடியில் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். அந்த நொடி போன பிறகு, ஒவ்வொரு நிமிஷமும் அதைச் சொல்வது இன்னும் கேவலமாகிக்கொண்டே போனது. 'அப்பவே ஏன் சொல்லலை?' என்று கேட்பார்களே.

அதனால் வேறொரு யோசனை செய்தான். கறையே இல்லாமல் போய்விட்டால் பேச்சும் தானாகப் போய்விடும் அல்லவா?

*

பாலக்கரையில் கார் சீட் கவர், மிதியடி விற்கும் கடை வைத்திருக்கிறான் நஸ்ருல்லா. சுரேஷ்குமாரோடு காலேஜில் ஒன்றாகப் படித்தவன். கொல்லைப் பக்கம் போய் நின்று, குரலைத் தாழ்த்தி, அவனுக்குப் போன் போட்டான்.

"நஸ்ருல்லா, சீட்டுத் துணியில கறை பட்டா எப்படிடா எடுக்குறது?"

"அதுக்குள்ளயா? வண்டி வந்து முழுசா மூணு நாள் ஆகலையேடா! என்ன கறை?"

"சும்மா ஒரு கறைடா."

"சும்மா கறைன்னு ஒண்ணு கிடையாது மாப்ள. டீயா, எண்ணெயா, ரத்தமா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு வழி இருக்கு. என்னன்னு தெரியாம கைய வெச்சா அது அங்கயே குடியேறிடும்."

'ரத்தமா' என்ற சொல்லில் சுரேஷ்குமாருக்குக் காது சுட்டது. "பொதுவா சொல்லேன்" என்றான்.

"பொதுவான்னா, நாலு கதவையும் தொறந்து வை. தேய்க்காத. வெள்ளைத் துணியை நனைச்சுப் பிழிஞ்சு ஒத்தி ஒத்தி எடு, ஓரத்துலேருந்து நடுவுக்கு வா. எதைப் போட்டாலும் முதல்ல கண்ணுக்குத் தெரியாத மூலையில ஒரு சொட்டு வெச்சுப் பாரு. சீட்டை ஊற வெச்சுடாத, அடியில ஒயர் போகுது, பஞ்சு காயாம நாறும். அப்புறம் முக்கியமா, பாத்ரூம் சாமானைத் தொடாத. அதுலயும் ரெண்டைச் சேத்து ஊத்திடாத, அல்லா காப்பாத்தணும். ஆமா, என்ன கறைன்னு நீ சொல்லவே இல்லையே?"

"சிக்னல் கட்டாவுதுடா" என்று போனை வைத்துவிட்டான். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நஸ்ருல்லாவுக்கு ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அவன் மிச்சத்தைச் சொல்லியிருப்பான். அந்த ஒரு வரிதான் இந்தப் பிள்ளைக்கு எங்கேயும் வர மறுத்தது.

ஷெட்டுக்கு எதிரே, நடையில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மலர்க்கொடி உட்கார்ந்திருந்தாள். கையில் போன் இருந்தது. கண் போனில் இல்லை. அவளுக்கு முன்னால் நாலு கதவையும் திறந்து வைத்துக் கறையை ஒற்றுவதா? சுரேஷ்குமார் ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு காரின் மறுபக்கமாகப் பதுங்கிப் போய்ப் பின் சீட்டில் ஏறினான். கதவைச் சாத்தினான். கண்ணாடி எல்லாம் ஏற்றியே இருந்தது. வெயிலுக்கு வாங்கிய கறுப்புத் திரைகளையும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டான். கார்ச் சாவி வீட்டுக்குள்ளே ஆணியில் தொங்கியது. அதைப் பற்றி அவன் நினைக்கவில்லை.

முதலில் துணி துவைக்கும் பவுடர். கரைத்து ஊற்றித் தேய்த்தான். நஸ்ருல்லா தேய்க்காதே என்றானே? ஒற்றி எடுக்க அவனுக்குப் பொறுமை எங்கே இருந்தது?

பழுப்பாகக் காய்ந்திருந்த கறை, சோப்பு நுரை பட்டதும், கண்ணெதிரே பளீரென்று சிவந்தது. இப்போதுதான் பட்டதைப் போல ஈரச் சிவப்பு. நுரையெல்லாம் சிவப்பு. அவன் விரல்களெல்லாம் சிவப்பு.

அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. 'ஒருவேளை அம்மா சொன்னதுதான் நிஜமோ? ஆலத்துக்கு மேல அவளும்...'

எழுதவே கை கூசுகிறது. தன் கையால் கொட்டியவன், தன் கைக்குட்டையால் துடைத்தவன், அவனுக்கே பெண்டாட்டி மேல் சந்தேகம் வந்தது. ஒரு நொடிதான் இருந்தது. ஆனால் வந்தது வந்ததுதான். அதை நினைத்த மறுகணம் அவனுக்குத் தன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முன் கண்ணாடியில் தெரிந்த முகத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

பக்கெட்டோடு பாத்ரூமிலிருந்து இரண்டு பாட்டில்களையும் எடுத்து வந்திருந்தான். ஒன்று வெள்ளைத் துணிக்கு ஊற்றும் பிளீச். இன்னொன்று கக்கூஸ் கழுவும் ஆசிட். பிளீச்சைக் கறையின் ஒரு ஓரத்தில் ஊற்றினான். சிவப்போடு சேர்ந்து சீட்டுத் துணியின் நிறமும் கரைந்து, அந்த இடம் திட்டாக வெளுக்கத் தொடங்கியது. பதறிப் போனான். பதற்றத்தில் அதன் மேலேயே ஆசிட்டைச் சாய்த்தான்.

புகை என்று ஒன்றும் பெரிதாகக் கிளம்பவில்லை. ஆனால் ஒரு நெடி வந்து மூக்கிலும் தொண்டையிலும் பிடித்தது. இருமினான். மூச்சை உள்ளே இழுத்தான், இன்னும் இருமினான். கண் எரிந்தது. கதவுப் பிடியை இழுத்தான், திறக்கவில்லை. சுபஸ்ரீயின் குழந்தை ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிடக் கூடாது என்று சனிக்கிழமை அவனே பின் கதவுகளில் குழந்தைப் பூட்டைப் போட்டு வைத்திருந்தான். உள்ளேயிருந்து இழுத்தால் அது திறக்காது. கண்ணாடியை இறக்கச் சாவி இல்லை. முன் சீட்டுக்குத் தாவ வேண்டும் என்பது கூட இருமலில் அவனுக்குத் தோன்றவில்லை. கண்ணாடியில் தட்டினான்.

கதவு வெளியிலிருந்து திறந்தது. ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளியது.

*

பானுப்ரியாதான். கொல்லைக் கொடியில் காய்ந்த தன் துணிகளை எடுக்க வந்தவள், கண்ணாடி தட்டுகிற சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தாள். ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு கதவையும் அவள் விரியத் திறந்தாள். நடையில் மலர்க்கொடி நாற்காலியை விட்டு எழாமலே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பாட்டில்களை மூடி, ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமுமாகக் கொண்டுபோய் வைத்தாள். அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கொல்லைக் குழாயடியில் உட்காரவைத்துக் கண்ணைக் கழுவிவிட்டாள். இருமல் அடங்கும் வரை முதுகை நீவினாள். அந்தக் கை அத்தனை பதமாக இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான்.

"இப்ப மூச்சு வருதா?"

தலையாட்டினான்.

"கதவைச் சாத்திக்கிட்டு யாருக்குத் தெரியாம எதைக் கழுவுறீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். பானுப்ரியா எழுந்துபோய்க் கொடியில் கடைசியாகத் தொங்கிய துணியை உருவி வந்து அவன் மடியில் போட்டாள். அவனுடைய வெள்ளைக் கைக்குட்டை. வெள்ளையாக இல்லை. நடுவில் மங்கலான மஞ்சள்.

"வெள்ளிக்கிழமை உங்க பேன்ட்டு பாக்கெட்ல இருந்துச்சு. சோப்புத் தண்ணில போட்டதும் பக்கெட்டே செவந்து போச்சு. பயந்தே போயிட்டேன், எங்கயாச்சும் அடிபட்டுக்கிட்டு வந்து சொல்லாம இருக்கீங்களோன்னு. மோந்து பாத்தேன், மஞ்சள் வாசனை. எலுமிச்சம் மூடியைத் தேய்ச்சேன், செவப்பெல்லாம் மஞ்சளாயிடுச்சு. துணிக்கடையில பில்லு போடுறவளுக்கு இது கூடவா தெரியாது? ஆலம்னு அன்னிக்கே தெரியும். எங்க பட்டுச்சுன்னுதான் தெரியாம இருந்துச்சு. இன்னிக்கு சம்பந்தியம்மா துண்டைத் தூக்கினதும் அதுவும் தெரிஞ்சிடுச்சு."

இரண்டு நாளாக அந்தக் கைக்குட்டை கொடியில் தொங்கியிருக்கிறது. பல் தேய்க்க, குளிக்க என்று அவன் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறான்.

"அப்ப நீயே சொல்லியிருக்கலாமே பானு?" என்றான்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. உடம்பு கூசிப் போனது.

பானுப்ரியா கோபப்படவில்லை. "என்னைக் கேட்டாங்க. இல்லைன்னேன். அதுக்கு மேல சொல்ல வேண்டிய ஆளு நான் இல்லீங்க. நீங்க சொல்லுவீங்கன்னு உங்களைப் பாத்தேன். நீங்க டயரைப் பாத்தீங்க."

"தப்புதான் பானு."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? வாசல்ல வெச்சுக் கேட்டாங்க, சம்பந்தி முன்னாடி கேட்டாங்க. அதே வாசல்ல, அதே ஆளுங்க முன்னாடி நீங்களா சொல்லுங்க. சொன்னீங்கன்னா பெட்டியைப் பிரிச்சு வெச்சிடறேன். இல்லாட்டி நான் லால்குடிக்குக் கிளம்புறேன். எங்க அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு போற வழியில யோசிச்சுக்கிறேன்."

துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

*

சொல்ல வேண்டிய வாக்கியம் சின்னதுதான். 'ஆலத்தைக் கொட்டினது நான்.' குழாயடியில் உட்கார்ந்து சுரேஷ்குமார் அதை நாலைந்து தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். நன்றாகத்தான் வந்தது.

சாவியை எடுத்து ஸ்டியரிங் பூட்டை விடுவித்து, நியூட்ரலில் போட்டு, கதவுகள் திறந்திருக்க வண்டியைப் பின்னாலிருந்து தள்ளித் தெருவுக்குக் கொண்டுவந்தான். உச்சி வெயில் சீட்டில் விழுந்தது. இந்தத் தடவை நஸ்ருல்லா சொன்னபடி செய்தான். வெளியே நின்றபடியே வெள்ளைத் துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுத்தான். நெடி அடங்கும் வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஒற்றினான். பிளீச் விழுந்த ஓரம் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. மிச்சக் கறை சோப்பு பட்ட சிவப்பிலேயே நின்றது.

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. ஆனந்தவள்ளி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"ஏன்டா, காலையில போன மானம் போதாதா? அசிங்கத்தைத் தெருவுல கொண்டாந்து நிறுத்திட்டு நிக்கிறே! வண்டியை உள்ள தள்ளுடா."

"அம்மா..."

"என்ன?"

"அது வந்து..."

தொண்டையைச் செருமினான். இருமினான். இப்போது வந்த இருமல் நெடியால் வந்ததில்லை. மலர்க்கொடியும் நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். பின்னால் சுபஸ்ரீ, தோளில் தூங்குகிற குழந்தையோடு. எல்லாரும் வந்தாயிற்று. அதே வாசல், அதே ஆட்கள். நடைக்குள், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பானுப்ரியாவும் நின்றிருந்தாள்.

"சொல்லு தம்பி, என்ன விஷயம்?" என்றாள் மலர்க்கொடி, மிகவும் அன்பாக.

அந்த அன்புதான் அவன் வாயை அடைத்தது. வாய்க்குள் நாலைந்து தடவை வந்த வாக்கியம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. காது மடலெல்லாம் எரிந்தது. தெருவே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் குனிந்தான். இந்தத் தடவை சக்கரத்துக்கு முன்னால், பம்பரில், அம்மா கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும் கண்ணில் பட்டன.

பழத்தைப் பிடித்து இழுத்தான். நூல் அறுந்தது.

"அய்யய்யோ! திருஷ்டிப் பழத்தை ஏன்டா பிக்கிறே?" ஆனந்தவள்ளி கத்தினாள்.

கார்ச் சாவியால் பழத்தைக் குத்திக் கிழித்து, ஈரத் துணியில் நாலு சொட்டுப் பிழிந்து, பிளீச் படாத ஓரமாகப் பார்த்துக் கறையின் மேல் ஒற்றினான்.

சிவப்பு போயிற்று. துணி பட்ட இடமெல்லாம் பளிச்சென்று மஞ்சள். இன்னொரு தடவை ஒற்றினான். மஞ்சள் இன்னும் அகலமாயிற்று.

அந்தத் தெருவில் ஆனந்தவள்ளி ஆலம் கரைக்காத கல்யாணம் இல்லை, வளைகாப்பு இல்லை. மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும், புளிப்பு விழுந்தால் திரும்பி மஞ்சளாகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மெதுவாகக் கிட்டே வந்தாள். குனிந்தாள். விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஆலம்" என்றாள். "இது நான் கரைச்ச ஆலம்டா."

நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை தட்டை உன் கையிலதானே குடுத்தேன்?"

"ஆமாம்மா."

"முச்சந்தியில ஊத்திட்டேன்னியே?"

"ஊத்தினேம்மா. மிச்சத்தை."

"அப்ப இங்க கொட்டினது?"

அவன் தலையாட்டினான்.

"காலையில நான் அந்தப் பொண்ணை அப்படிக் கேக்குறப்ப நீ இங்கதானேடா நின்னே? வாயில என்ன வெச்சிருந்தே? என்னை ஏன்டா அப்படிப் பேச விட்டே?"

கேட்டுவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். அவளைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கறையை முகர்ந்து பார்க்க அவளுக்குக் காலையிலும் மூக்கு இருந்தது. யார் உட்கார்ந்த இடம் என்று பார்த்ததும் அதற்கு மேல் எதையும் பார்க்கத் தோன்றவில்லை. இந்த வயதில், சம்பந்தி முன்னால், வாசலில் நின்று, ஆனந்தவள்ளி தன் மஞ்சள் பட்ட விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் பாத்தப்பவே நெனச்சேன், நெறம் ஒரு மாதிரி இருக்கேன்னு" என்றாள் மலர்க்கொடி.

"நீங்க சும்மா இருங்க அத்தை" என்றாள் சுபஸ்ரீ. கல்யாணமானதிலிருந்து மாமியாரிடம் அவள் அப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை.

பானுப்ரியா பெட்டியோடு வாசலைத் தாண்டி வந்தாள். செருப்பை மாட்டினாள்.

"நான் போயிட்டு வரேங்க அத்தை. புளியோதரையை எடுத்துக் கொழந்தைக்கு ஊட்டுங்க, வீணாப் போயிடும்."

"பானு" என்றாள் ஆனந்தவள்ளி. அதற்கு மேல் அவளுக்கும் வரவில்லை. பிள்ளை யாரிடமிருந்து கற்றான் என்று தெரிந்துபோயிற்று.

சுரேஷ்குமார் குறுக்கே வந்தான். "பானு, அதான் சொல்லிட்டேனே! எல்லார் முன்னாடியும் தெரிஞ்சு போச்சே!"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அன்று முழுக்க இப்போதுதான் முதல் தடவையாக.

"நீங்களா சொன்னீங்க? பழம் சொல்லிச்சு. அத்தை கேட்டாங்க. நீங்க தலையாட்டினீங்க."

"எப்படியோ தெரிஞ்சுதுல்ல..."

"எனக்கு எப்படியோ தெரியணும்னு இல்லீங்க. தெரியறதுக்கு அந்தக் கைக்குட்டையை நானே கொண்டாந்து காட்டியிருப்பேன். நீங்க வாயைத் தொறந்து சொல்லணும்னு இருந்தேன்."

"இரு, நானே கொண்டுபோய் விடறேன்" என்று காரைப் பார்த்தான். பின் சீட்டு ஈரமாகக் கிடந்தது. நாலு கதவும் திறந்து கிடந்தன. நெடி முழுக்கப் போகும் வரை அந்த வண்டியில் யாரையும் ஏற்ற முடியாது. அது அவளுக்கும் தெரியும்.

"வண்டி காயட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தெருமுனையில்தான் பஸ் நிறுத்தம். டவுன் பஸ்ஸில் திருவானைக்கோவில் போய் இறங்கினால் லால்குடி பஸ் கிடைக்கும். அவள் திரும்பிப் பார்க்காமல் போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டு ஜன்னலும் பார்த்தது.

திடீரென்று ஆனந்தவள்ளி நகர்ந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். வாசலில் கிடந்த செருப்பில் கால் நுழைத்தாள். அது சுபஸ்ரீயின் செருப்பு, அளவு பெரிது. கவனிக்கவில்லை. பட்பட்டென்று அது சத்தம் போட, வெயிலில் விடுவிடுவென்று நடந்தாள்.

நிறுத்தத்தில் அவள் மருமகளை எட்டிப் பிடித்தது சுரேஷ்குமாருக்குத் தெரிந்தது. ஆனந்தவள்ளி கையை ஆட்டி ஏதோ சொன்னாள். பானுப்ரியா தலையசைத்தாள். ஆனந்தவள்ளி பெட்டியைப் பிடித்தாள். பானுப்ரியா விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மா இழுப்பது தெருவுக்குத் திரும்பி வரவா, இல்லை சுமந்துகொண்டு கூடப் போகவா என்று இங்கிருந்து தெரியவில்லை. அப்போது பஸ் வந்து மறைத்தது.

பஸ் போன பிறகு நிறுத்தத்தில் இருவருமே இல்லை.

சுரேஷ்குமார் மனைவிக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அம்மாவுக்குப் போட்டான். வீட்டுக்குள்ளிருந்து மணி அடித்தது.

"ஏன் தம்பி, சம்பந்தியும் கூடவே போயிட்டாங்களா? எங்க வீட்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது? உங்க சம்சாரம் என்னதான் பண்ணிச்சு?" என்றாள் மலர்க்கொடி.

சுரேஷ்குமார் நிமிர்ந்தான்.

"அவ ஒண்ணும் பண்ணல அத்தை. ஆலத்தைக் கொட்டினது நான். காலையில எல்லார் முன்னாடியும் நான் சொல்லியிருக்கணும். பயந்துக்கிட்டு சொல்லல. அவளைத் திட்டுறப்ப வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னேன்."

இருமாமல், திக்காமல், எதிர்வீடு வரைக்கும் கேட்கும்படியான குரலில் முழுசாக வந்தது. கேட்க வேண்டியவள் அதற்குள் தெருவைத் தாண்டிப் போய்விட்டிருந்தாள்.